தாத்தாவின் போர்க்காலச் சேவையைத் தேடி எடுப்பது எப்படி

பரணில் ஒரு தகரப்பெட்டி, உள்ளே கறுத்துப்போன நாலைந்து பதக்கங்கள், கூடவே "தாத்தா பர்மாவுல சண்டை போட்டவரு" என்ற ஒற்றை வரி. பல வீடுகளில் எஞ்சியிருப்பது இவ்வளவுதான். அவர் எந்தப் படையில், எங்கே, என்ன பொறுப்பில் இருந்தார் என்பதை இதிலிருந்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

முதல் வேலை, பதக்கத்தைத் துலக்காமல் இருப்பது. புளி, பிராஸ்ஸோ எதுவும் வேண்டாம். முதல் உலகப்போர் பதக்கமானால் பெரும்பாலும் விளிம்பில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். தேய்த்தால் முதலில் போவது அதுதான். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

இரண்டாம் உலகப்போர் பதக்கங்களில் இந்திய வீரர்களின் பெயர் பொதுவாக இருக்காது. ஆனால் ஆறு முனை ஸ்டார்கள் எந்தப் போர்முனை என்று சொல்லிவிடும். அதன் பெயர் நடு வட்டத்திலேயே பொறித்திருக்கும். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் தெளிவு. மலேயா, சிங்கப்பூரில் போரிட்டவருக்குப் பசிபிக் ஸ்டார். பின்புறம் இந்திய வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல்.

இவை எல்லாம் பணிப் பதக்கங்கள், வீரப் பதக்கங்கள் அல்ல. இங்கேதான் குடும்பங்கள் அதிகம் தவறுகின்றன. "பர்மாவில் வீர் சக்ரா வாங்கினார்" என்பதற்கு வாய்ப்பே இல்லை: அந்த விருது 1950-ல் ஏற்படுத்தப்பட்டது, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தைய செயல்களுக்கு மட்டும். அந்தக் காலத்தில் தேட வேண்டியவை ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்), மிலிட்டரி மெடல் போன்றவை. இரண்டாம் உலகப்போருக்கான வார் மெடலின் நாடாவில் சின்ன வெண்கல ஓக் இலை குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், தளபதியின் அறிக்கையில் அவர் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

அடுத்து டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது படையிலிருந்து விலகும்போது கொடுத்தது. படை எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி உயர்வு எல்லாம் அதில் இருக்கும். அது தொலைந்திருந்தால் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும்: மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். படை எண் தெரியாவிட்டால் பெயர், அப்பா பெயர், ஊர், பழைய தாலுகா, விலகிய ஆண்டு எழுதி, வாரிசு என்பதற்கான சான்றும் வையுங்கள். ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் முழுக் கோப்பை ஒரு காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள். அதனால் 'லாங் ரோல்' என்ற ஆள்சேர்ப்புப் பதிவேட்டையாவது பார்த்துச் சொல்லும்படி கடிதத்திலேயே கேளுங்கள்.

போரில் இறந்தவர் என்றால் வேலை சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. இனிஷியல் போட்டுத் தேடாதீர்கள். அன்றைய பதிவுகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். முத்துசாமியை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மாவட்டமும் சிங்கிள்புட், டின்னவேலி, நார்த் ஆர்காட் என்றுதான் கிடைக்கும்.

வீர விருது இருந்தால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேதியைப் பிடியுங்கள். அதில் பெரும்பாலும் பெயர் மட்டுமே வரும். என்ன செய்தார் என்பது பரிந்துரைப் படிவத்தில் இருக்கும். அது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 வரிசை. இணையத்திலேயே பெறலாம், ஆனால் எல்லாருடையதும் கிடைக்காது. படிவத்தில் பிரிகேட், டிவிஷன், கோர் என்று மேலே போகப் போக ஒவ்வொரு மட்டத்திலும் கையெழுத்து இருக்கும். கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள்: பரிந்துரைத்த விருதை அடித்துவிட்டு வேறொன்றைப் பேனாவால் எழுதியிருப்பதுண்டு. ஒரே நாளின் செயலுக்கானதா, பல மாதப் பணிக்கானதா என்றும் பாருங்கள். தலைமைப் பண்பைப் பற்றிய வரிகள் இரண்டாவது வகையில்தான் அதிகம்.

விருதே இல்லாவிட்டாலும் பதவி பேசும். நாயக் என்றால் ஒரு செக்‌ஷனை, அதாவது பத்துப் பேரை நடத்தியவர். ஜமேதார் என்றதும் அலுவலகச் சேவகர் என்று நினைத்துவிடுகிறார்கள். காலாட்படையில் ஒரு ஜமேதார் முப்பது பேருக்கு மேற்பட்ட பிளாட்டூனையே நடத்தினார். 1965-லிருந்து அதன் பெயர் நாயப் சுபேதார்.

எழுதும்போது ஒரு பக்கம் போதும். தேதி, பிரிவு, இடம், பொறுப்பு, செயல் என்று கால வரிசையில் போங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே 'ஆவணம்', 'பதக்கம்', 'வீட்டார் சொன்னது' என்று ஒரு சொல் குறியுங்கள். 'அஞ்சாநெஞ்சன்' மாதிரி அடைமொழிகளை எடுத்துவிட்டு, பரிந்துரை கிடைத்திருந்தால் அதன் வாசகத்தை அப்படியே தமிழில் தாருங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டவர் என்றால் சிறை, ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) என எந்தப் பக்கம் போயிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். நடுவில் மூன்று ஆண்டு காலியாக இருந்தால் படிப்பவர் கேட்பார். பதக்கங்களின் இருபுறப் படத்தையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்க ஸ்கேனையும் கூடவே வைத்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள்.