வீடியோ ஏபிஐ சேவையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: போட வேண்டிய கணக்கும் செய்ய வேண்டிய சோதனையும்

வீடியோ ஏபிஐ (உங்கள் நிரல் வேறொரு நிறுவனத்தின் வீடியோ வசதியைப் பயன்படுத்த உதவும் இடைமுகம்) என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பண்டங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, பதிவான வீடியோவை வாங்கி, பல தரங்களில் என்கோட் செய்து (ஓடுவதற்கேற்ற வடிவத்துக்கு மாற்றி), சிடிஎன் எனும் பல இடங்களில் பரவிய சர்வர் வலையமைப்பு வழியாகப் பார்ப்பவரிடம் சேர்ப்பது. மக்ஸ், கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம், பன்னி ஸ்ட்ரீம் இந்த வகை. மற்றது, ஆட்கள் நேருக்கு நேர் பேச உதவும் வெப்ஆர்டிசி (பிரவுசரிலேயே நேரடி வீடியோ அழைப்பு நடத்தும் தொழில்நுட்பம்) சேவை. டெய்லி, அகோரா, லைவ்கிட், ட்விலியோ வீடியோ எல்லாம் இதில் அடக்கம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டால் நேரம்தான் வீண்.

எது வேண்டும் என்பதைத் தாமதமே தீர்மானிக்கிறது. எச்எல்எஸ் என்பது வீடியோவைச் செக்மெண்ட் எனும் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை. அதன் நேரலையில் ஒரு செக்மெண்ட் வழக்கமாக 6 விநாடி. பிளேயர் நேரலையின் நுனியிலிருந்து குறைந்தது மூன்று செக்மெண்ட் பின்தங்கியே தொடங்க வேண்டும் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. ஆக 18 விநாடிக்குக் கீழே இறங்குவது கடினம். குறைந்த தாமத எச்எல்எஸ் என்றால் சில விநாடிகள், வெப்ஆர்டிசி என்றால் நல்ல நெட்வொர்க்கில் அரை விநாடிக்கும் குறைவு. ஒருவர் பேச, 500 பேர் கேட்டு, சாட்டில் மட்டும் கேள்வி போடுவார்கள் என்றால் குறைந்த தாமத எச்எல்எஸ் தாராளமாகப் போதும். கேட்பவர் மைக்கைப் பிடித்துப் பதில் பேசுவார் என்றால் அந்த நாலைந்து பேருக்கு வெப்ஆர்டிசி, மற்றவர்களுக்கு எச்எல்எஸ் என்று பிரிக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் தரும் சேவையைத் தேடுங்கள்.

விலைப் பக்கத்தில் தொகையைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்

ஆறு பேர் 30 நிமிடம் பேசுகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கிடும் சேவையில் இது 180 நிமிடம். ஒவ்வொருவரும் பெறும் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் தனியாகக் கணக்கிடும் சேவையில் 6 × 5 × 30, அதாவது 900 நிமிடம். ஆட்கள் 12 ஆனால் முதல் கணக்கு 360 ஆகிறது. இரண்டாவது 3,960-க்குத் தாவிவிடும். நிமிடத்துக்கான விலை மலிவாகத் தெரியும் சேவை மாதக் கடைசியில் பல மடங்கு பில் அனுப்புவது இப்படித்தான்.

அகோராவின் கணக்கு இன்னொரு மாதிரி. ஒருவர் ஒரே நேரத்தில் பெறும் எல்லா வீடியோக்களின் பிக்சல்களையும் கூட்டி, கூட்டுத்தொகை எந்தப் படியில் விழுகிறதோ அந்த விலையைப் போடுகிறார்கள். எச்டி படியின் எல்லை 9,21,600 பிக்சல், அதாவது 1280 × 720. அதே ஆறு பேர் கூட்டத்தில் ஒருவர் ஐந்து பேரை 640 × 360 அளவில் பெற்றால் 11,52,000 ஆகி, அடுத்த படிக்கு ஏறிவிடுகிறது. சிறு கட்டங்களுக்கு 320 × 180 கேட்டால் மொத்தம் 2,88,000-தான். திரையில் கட்டைவிரல் அளவில் தெரியும் முகத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. ஆகவே சைமல்காஸ்ட் (ஒரே வீடியோவைப் பல அளவு அடுக்குகளில் ஒரே நேரத்தில் அனுப்புவது) இருக்கிறதா, எந்த அடுக்கு வேண்டும் என்பதை உங்கள் நிரல் சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

பதிவான வீடியோவில் கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம் நிமிடங்களை எண்ணுகிறது, பன்னி ஸ்ட்ரீம் ஜிபியை எண்ணுகிறது. விநாடிக்கு 5 மெகாபிட் ஓடும் 1080பி வீடியோ பத்து நிமிடத்துக்கு 375 எம்பி. 0.8 மெகாபிட் ஓடும் 360பி என்றால் 60 எம்பி. பார்ப்பவர்கள் பெரும்பாலும் போனில் குறைந்த தரத்தில் பார்த்தால் ஜிபி கணக்கு லாபம். பெரிய திரை என்றால் நிமிடக் கணக்கு. இன்னொன்று, யாரும் பார்க்காமல் பஃபரில் இறங்கிய பகுதியும் பில்லில் சேரும். ஒரே பக்கத்தில் இருபது வீடியோ இருந்தால், பிளே அழுத்தும்வரை எதையும் முன்கூட்டி இறக்காதபடி வையுங்கள்.

டெமோவை நம்பாமல் கெட்ட கோப்புகளைக் கொடுங்கள்

எல்லா டெமோவும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் பயனர் அனுப்பப்போவது வேறு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ: சுழற்சித் தகவலைப் படிக்காத என்கோடரில் படம் பக்கவாட்டில் படுத்துவிடும். ஐபோனின் எச்டிஆர் (ஒளி வீச்சு கூடிய) பதிவு: அதைச் சாதாரணத் திரைக்கு மாற்றும் டோன் மேப்பிங் சரியில்லை என்றால் நிறம் வெளிறும். ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் திரைப்பதிவு: போகப்போக வாயும் குரலும் விலகும், அதனால் கடைசி நிமிடத்தை அவசியம் பாருங்கள். ஒலியே இல்லாத கோப்பு ஒன்றும் வேண்டும்.

பிறகு 4 ஜிபி கோப்பு ஒன்றை பிரவுசரிலிருந்து ஏற்றி, பாதியில் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இதற்கு டஸ் நெறிமுறை பரவலாகப் பயன்படுகிறது. கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீமில் 200 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக ஏற்ற அதுதான் வழி. கோப்பு உங்கள் சர்வர் வழியாகப் போகவே கூடாது. சர்வர் ஒருமுறைக்கான ஏற்றுமுகவரியை வாங்கித் தந்தால் போதும். ஏபிஐ கீ (சேவைக்கான உங்கள் ரகசியச் சாவி) பிரவுசருக்குப் போகாமல் இருக்கவும் அதுவே வழி.

என்கோட் முடிந்ததும் வெப்ஹூக் (சேவை உங்கள் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பு) வரும். அது இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். நிகழ்வின் ஐடியைச் சேமித்து, ஒருமுறை கையாண்டதை மறுபடி தொடாதீர்கள். அது உண்மையில் சேவையிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் கையொப்பச் சரிபார்ப்பு தோற்றுக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் ஃபிரேம்வொர்க்கை: பெரும்பாலும் கையொப்பம் வந்த பைட்டுகளுக்குப் போடப்பட்டது, ஜேசன் பார்சர் முந்திக்கொண்டு அவற்றை மாற்றியிருக்கும்.

கையொப்பமிட்ட பிளேபேக் டோக்கனின் (அனுமதி உள்ளவர் மட்டும் வீடியோ பார்க்கத் தரும் தற்காலிகச் சீட்டு) ஆயுள் வீடியோவின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். இரண்டு மணி நேர வீடியோவுக்கு ஒரு மணி நேர டோக்கன் கொடுத்தால் நடுவில் செக்மெண்ட்கள் மறுக்கப்பட்டு வீடியோ நின்றுபோகும். சோதிக்கும்போது யாரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பதால் இந்தப் பிழை நேராகப் பயனர் கைக்குப் போய்விடுகிறது.

வெப்ஆர்டிசி சேவைக்குச் சோதனையே வேறு. அலுவலக ஃபயர்வால்கள் பல, வெப்ஆர்டிசி வழக்கமாக வீடியோவை அனுப்பும் யுடிபி வழியை அடைத்துவிடும். உங்கள் ரூட்டரிலும் அதை அடைத்துவிட்டு, 443 போர்ட்டில் டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) மூலம் டர்ன் சர்வர் (நேரடி இணைப்பு முடியாதபோது இடையில் நின்று கடத்தும் சர்வர்) வழியாக அழைப்பு இணைகிறதா என்று பாருங்கள். இணையவில்லை என்றால் அந்தச் சேவையை அங்கேயே விட்டுவிடலாம். அடுத்து லினக்ஸின் நெட்எம் (மோசமான நெட்வொர்க்கைப் போலி செய்யும் கருவி) கொண்டு 150 மில்லிவிநாடி தாமதமும் 5 சதவீத பாக்கெட் இழப்பும் சேருங்கள். படம் மங்கலாம், குரல் உடையக் கூடாது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் இருபது நிமிடம் ஓடவிட்டு, குரோமின் வெப்ஆர்டிசி உள்விவரப் பக்கத்தில் தரம் குறைந்ததற்கான காரணம் சிபியுவா பேண்ட்வித்தா என்று பாருங்கள். சிபியு என்றால் நெட்வொர்க்கை எவ்வளவு மேம்படுத்தியும் பலனில்லை, அனுப்பும் அளவைக் குறைக்க வேண்டும். ஐபோன் சஃபாரியில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் போனுக்கு ஒரு சாதாரண அழைப்பு போடுங்கள். அழைப்பு முடிந்து திரும்பியதும் மைக் தானாக உயிர்பெறுகிறதா என்பது எஸ்டிகேயின் (சேவை தரும் நிரல் தொகுப்பின்) தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியேறும் வழி

ட்விலியோ 2023 டிசம்பரில், தன் வீடியோ சேவையை ஓராண்டில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. பிறகு கெடு நீட்டிக்கப்பட்டது, 2024-இல் முடிவே மாற்றப்பட்டு சேவை தொடர்கிறது. அதற்குள் வேறிடம் போனவர்கள் போனவர்கள்தான். பெரிய நிறுவனம் என்பதால் மட்டும் எந்தச் சேவையும் நிரந்தரம் ஆகிவிடாது.

ஆகவே மூலக் கோப்பை எப்போதும் உங்கள் சொந்த ஸ்டோரேஜில் வையுங்கள். கூட்டப் பதிவுகளும் நேரே அங்கே வந்து விழும்படி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். டேட்டாபேஸில் வீடியோவுக்கு உங்கள் சொந்த ஐடி இருக்கட்டும், சேவையின் ஐடி தனிப் பத்தியில் போகட்டும். பக்கங்களில் சேவையின் ஐஃப்ரேம் முகவரியை நேரடியாக ஒட்டாதீர்கள். உங்கள் ஐடியை வாங்கி பிளேயரைத் தரும் ஒரே ஒரு காம்பொனெண்ட் போதும். லைவ்கிட், ஜிட்சி போன்றவற்றின் சர்வர் திறந்த மூலம் என்பதால் தேவைப்பட்டால் நீங்களே நடத்தலாம். ஆனால் டர்ன், கண்காணிப்பு, நள்ளிரவில் எழுந்து பார்க்கும் ஆள் எல்லாம் உங்கள் பொறுப்பாகும்.

தேர்வு இரண்டு சேவைகளாகச் சுருங்கியதும், ஒரே தொழில்நுட்பக் கேள்வியை இரண்டு ஆதரவுக் குழுவுக்கும் அனுப்புங்கள். டர்ன் சோதனையின் லாக்கையே இணைத்துக் கேட்கலாம். லாக்கைப் படித்துப் பதில் எழுதுகிறார்களா, ஆவண இணைப்பை மட்டும் ஒட்டி அனுப்புகிறார்களா என்பது பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.