ரிங்ஸ் பழகுபவர்களுக்கு: உதவியை அளந்து எடுங்கள்

நாலு மாதம் முன்பு பக்கத்து வீட்டுத் தம்பி எங்கள் மொட்டை மாடிக்கு வந்தான். ஜிம்மில் இணைக்கம்பியில் கை ஊன்றி, முழங்கையை மடக்கி இறங்கி ஏறும் டிப்ஸைப் பதினைந்து தடவை எடுப்பவன். ரிங்ஸில், அதாவது பட்டைகளில் தொங்கும் இரண்டு வளையங்களில், கை ஊன்றி எழும்பிய மூன்றாவது நொடியே வளையங்கள் இரண்டு பக்கமும் விலகி ஓடின. பட்டை முழங்கையில் உரசியது, தோள் காதுவரை ஏறிவிட்டது. இறங்கி வந்து, “அண்ணே, எனக்குப் பலமே இல்லையா?” என்றான்.

பலம் இருக்கிறது. கம்பி தன் இடத்தில் நிற்கும், வளையம் நிற்காது. அதை நிறுத்தி வைக்கும் வேலையும் தோளைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகள் மேல் விழுகிறது. அவற்றுக்கு முழு உடல் எடையை முதல் நாளே கொடுத்தால் தாங்காது. எடையில் ஒரு பங்கை வேறொன்று சுமக்க வேண்டும். இதைக் குறுக்குவழி என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். போட்டி வீரர்களும் புதிய நிலை ஒன்றைக் கற்கும்போது கப்பி, எடை, பயிற்சியாளரின் கை என்று ஏதாவது ஒரு உதவியோடுதான் தொடங்குகிறார்கள். உதவி எத்தனை கிலோ என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டுவது

போட்டியில் ரிங்ஸ் தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரத்தில் தொங்கும். நமக்கு இடுப்பு உயரம் போதும். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே 50 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். போட்டி அளவும் அதுதான். பிளாஸ்டிக்கைவிட மரவளையமே நல்லது, வியர்வையில் அவ்வளவாக வழுக்காது.

முதல் படி: காலும் எடை மெஷினும்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். வளையங்களுக்கு நடுவே உடல் எடை பார்க்கும் மெஷினை வையுங்கள். முள் உள்ள பழைய மாடல் சிறந்தது. டிஜிட்டல் மெஷின்கள் பலவும் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு அதிலேயே நின்றுவிடும். அதன் மேல் முன்பாதம் ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்று, வளையங்களைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முழங்கை நேராக இருக்கட்டும். தோளைக் காதிலிருந்து விலக்கிக் கீழே இறக்குங்கள். கை பட்டையில் சாயக்கூடாது.

அழுத்த அழுத்த முள் இறங்கும். தம்பியின் எடை 62 கிலோ. முதல் நாள் முள் 30-ல் நிற்கும்போதுதான் அவனுக்கு நடுக்கம் நின்றது. அதாவது கைகள் சுமந்தது 32 கிலோ. அதே எண்ணில் 20 நொடி, ஐந்து தடவை, நடுவில் நன்றாக ஓய்வு. ஐந்தும் ஆடாமல் வந்தால் அடுத்த வாரம் காலின் பங்கில் நாலு கிலோ குறைப்போம். நான் பின்பற்றும் கணக்கு இது. உங்கள் உடம்புக்கு இரண்டு கிலோதான் சரி என்றால் இரண்டே போதும்.

முள் 10-க்குக் கீழே வந்த பிறகு, கடைசி சில நொடிகள் மட்டும் வளையங்களைத் திருப்பி உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். நடுக்கம் திரும்ப வரும். வரட்டும்.

இரண்டாம் படி: ரப்பர் பேண்ட்

டிப்ஸ் எடுக்க, உடற்பயிற்சிக்கான பெரிய ரப்பர் பேண்டை இரு வளையங்களுக்கும் குறுக்கே மாட்டி அதில் முழங்கால் ஊன்றலாம். கீழே இறங்கும்போது பேண்ட் அதிகம் இழுபடுவதால், கஷ்டமான இடத்தில் உதவி கூடுகிறது. ஆனால் அது வளையங்களை உள்பக்கமாகவும் இழுத்துப் பிடிக்கிறது. வளையம் ஓடாமல் நிறுத்தும் வேலையைத் தோள் கற்பதற்குள் பேண்டே செய்துவிடும். அதனால் சப்போர்ட் ஹோல்டுக்கு, அதாவது முதல் படியில் செய்ததுபோல் கையை நேராக ஊன்றி அசையாமல் நிற்பதற்கு, இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புல் அப்ஸுக்கு மேலேயிருந்து தொங்கவிட்ட பேண்டில் கால் வைத்தால், அடியில் நன்றாகத் தூக்கிவிட்டு, நெஞ்சு வளையத்தை நெருங்கும்போது கைவிட்டுவிடும். எத்தனை கிலோ உதவி என்றும் சொல்ல முடியாது, இழுவைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். அப்புறம், பேண்டை மாடி வெயிலில் விட்டு வைக்காதீர்கள். ரப்பரில் சின்ன வெடிப்பு தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கப்பி

எனக்கு மிகவும் பிடித்தது இது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அதே தத்துவம். தலைக்கு நேர் மேலே ஒரு கப்பி, கையெட்டும் தூரத்துக்கு அப்பால் இன்னொன்று. இடுப்பு வாரின் இரு பக்கமும் கட்டிய கயிறுகளைத் தலைக்கு மேல் ஒன்றாக்கி, இரண்டு கப்பிகளின் மேலும் ஓட்டி, மறுமுனையில் எடையைத் தொங்கவிட வேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பினால் 10 கிலோ. மேலே, கீழே, நடுவில் எங்கே இருந்தாலும் உதவி ஏறக்குறைய அதே 10 கிலோதான். வாரம் அரை லிட்டர் கொட்டிவிட்டால் அரைக் கிலோ குறைந்துவிடும். இவ்வளவு நுணுக்கமாகக் குறைக்க வேறு எந்த முறையிலும் முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். கேன் உங்கள் பாரத்தைக் குறைக்கும், வளையமும் கப்பியும் தொங்கும் விட்டத்தின் பாரத்தைக் குறைக்காது. உங்கள் எடையோடு கேனின் எடையையும் சேர்த்து அது தாங்க வேண்டும். அடுத்து, கேனை ஒரு ஸ்டூலில் இறக்கி வைத்த பிறகே வாரை அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் கேன் தடாலென்று விழும். அதன் அடியில் யாரும் நிற்கக்கூடாது.

நான்காம் படி: இறங்க மட்டும்

ஸ்டூலில் ஏறி, வளையங்களில் கையை நேராக ஊன்றிய மேல்நிலைக்குப் போய், ஐந்து நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்கும்போது தசை அதிக எடை தாங்கும். மூன்று தடவை போதும். மறுநாள் ரிங்ஸைத் தொடாதீர்கள்.

எந்தப் படியிலும் முழங்கையின் உள்பக்கம் வலித்தால், நாலு கிலோ உதவியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம் அங்கேயே இருங்கள், வலி போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தசை சீக்கிரம் பலப்படும், அதை எலும்போடு கட்டும் தசைநாண் மெதுவாகத்தான் வரும். இரண்டு வருடம் முன்பு நான் இதை மதிக்காமல் உதவியை ஒரேயடியாக விட்டேன். மூன்று மாதம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியவில்லை.

வளையங்களைப் பிடித்த கைகளை இரு பக்கமும் நேராக நீட்டி உடலைத் தாங்கும் சிலுவை நிலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆர்மீனியாவின் ஆல்பர்ட் அசரியன் சோவியத் அணிக்காக 1956-லும் 1960-லும் ரிங்ஸில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். சிலுவைக்குப் பேர்போனவர். அந்த நிலைக்கும் உதவி உண்டு. முன்கையை வளையத்துக்குள் நுழைத்து முழங்கையருகே தாங்கினால் நெம்புகோல் குட்டையாகி, தோளுக்குச் சுமை குறையும். ஆனால் உதவியில்லாமல் பத்து ரிங் டிப்ஸ் சுத்தமாக வரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தம்பி இப்போது மூன்றாம் படியில் இருக்கிறான். நேற்று சாயங்காலம் அவன் கேன்களில் மிச்சமிருந்த தண்ணீர் மூன்றரை லிட்டர்.