சூசோவுக்கு முதல் பயணம்: ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும்

சீனாவின் சூசோ நகரத்தில் உள்ள 9 தோட்டங்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. முதன்முறை போகிறவர்கள் அத்தனையையும் இரண்டே நாளில் முடித்துவிடப் பார்ப்பார்கள். மூன்றாவது தோட்டத்துக்குள் நுழையும்போதே பாறை, குளம், மண்டபம் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். காலையில் பெரியது ஒன்று, மாலையில் சிறியது ஒன்று போதும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரலும் நவம்பரும் நல்லவை. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை ‘பிளம் மழை’க் காலம், விடாத தூறலும் புழுக்கமும் இருக்கும். தாமரை பார்க்க வேண்டுமென்றால் ஜூலை வெயிலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மே 1-ஐ ஒட்டிய விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் போகவே போகாதீர்கள். குறுகிய நடைபாதைகளில் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும்.

படி 2: சரியான நிலையத்தில் இறங்குங்கள்

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். ‘சூசோ’ என்ற நிலையத்துக்கே டிக்கெட் எடுங்கள். பழைய நகரம் அதன் தெற்கிலேயே தொடங்குகிறது. ‘சூசோ பெய்’, அதாவது சூசோ வடக்கு, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெயரின் முதல் பாதியை மட்டும் பார்த்து வாங்கினால் மெட்ரோவில் கூடுதல் நேரம் போகும். டிக்கெட் எடுத்த அதே பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். தானியங்கிக் கதவு அதைப் படிக்காவிட்டால் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள்.

படி 3: கைபேசியை ஊரிலேயே தயார் செய்யுங்கள்

கைபேசியில் பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் வங்கி அட்டையைக் கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள். சரிபார்ப்புக் குறுஞ்செய்தி உங்கள் ஊர் எண்ணுக்கு வரும்; அங்கே போய் சிம் மாற்றிய பிறகு முயன்றால் சிக்கல். கூகுள் வரைபடத்தை நம்ப முடியாது. தோட்டங்களின் பெயர்களைச் சீன எழுத்தில் சேமித்து வைத்தால் டாக்சி ஓட்டுநரிடம் காட்டலாம்.

படி 4: முன்பதிவு

பலர் சறுக்குவது இங்கேதான். காலையில் பார்க்கப் போகும் பெரிய தோட்டம் ஜுவோஜெங்; அதற்குப் பாஸ்போர்ட் எண்ணோடு நேரத்தையும் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்திலுள்ள சூசோ அருங்காட்சியகம் (ஐ. எம். பெய் வடிவமைத்தது, 2006) இலவசம்தான், ஆனால் பதிவு இல்லாமல் நுழைய முடியாது. திங்கட்கிழமை விடுமுறை.

படி 5: நடக்கும் வரிசை

ஜுவோஜெங் சுமார் 5 ஹெக்டேர். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் ஒலிபெருக்கியோடு சுற்றுலாக் குழுக்கள் வந்துவிடும். முதலில் நடுப்பகுதிக்குப் போங்கள். குளத்தின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரியும். அது தோட்டத்துக்குள் இல்லை. வெளியே தள்ளி நிற்கும் 76 மீட்டர் உயர வடக்குக் கோயில் கோபுரம். வெளியே இருப்பதைத் தோட்டத்தின் காட்சியாக்கிக்கொள்ளும் இந்த உத்திக்கு ‘கடன் வாங்கிய காட்சி’ என்று பெயர்.

அருங்காட்சியகத்தை முடித்துவிட்டுத் தெற்கே பிங்ஜியாங் தெருவுக்கு நடங்கள். கால்வாயை ஒட்டிய அந்தத் தெருவில் கடைகளும் கூட்டமும் அதிகம். குறுக்குச் சந்துகளுக்குள் திரும்பினால்தான் ஊர் தெரியும். படகேற வேண்டுமென்றால் இங்கே ஏறலாம்.

மாலையில் வாங்ஷி தோட்டம். பரப்பளவில் ஜுவோஜெங்கில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் எங்கள் கணக்கில் சூசோவிலேயே சிறந்தது இதுதான். குளத்தைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். ஒரு மண்டபத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். குளத்தின் ஒரு மூலை குறுகி, சின்னப் பாலத்துக்கு அடியில் மறைகிறது. தண்ணீர் அதற்கு அப்பாலும் ஓடுவதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

பாறைகளைப் பார்க்க ஒரு குறிப்பு: சூசோவை ஒட்டிய தாய்ஹு என்ற ஏரியின் கற்களை மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவும் ஒளி என்ற நான்கு குணங்களால் மதிப்பிடுவார்கள். மறுநாள் லியூ தோட்டத்தில் நிற்கும் சுமார் 6.5 மீட்டர் உயர குவான்யுன் கல்லில் நான்கையும் தேடிப் பாருங்கள்.

சைவர்களுக்கு: நூடுல்ஸில் காய்கறி மட்டுமே மிதந்தாலும் குழம்பு பெரும்பாலும் எலும்பில் கொதித்ததாக இருக்கும். ‘வோ ச்சி சூ’, நான் சைவம், என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பற்றித் தனியாகவும் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் கோயில்களை ஒட்டிய சைவ உணவகமே மேல்.