ஸ்டைல்ஷீட்டுக்கு ஒரே முகவரி: கேஷைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

வெள்ளவத்தையில் உள்ள ஒரு புடைவைக் கடைக்கு இணையத்தளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக, ஸ்டைல்ஷீட் (பக்கத்தின் நிறம், எழுத்து, அமைப்பைச் சொல்லும் கோப்பு) வந்து சேரும்வரை பிரவுசர் பக்கத்தைத் திரையில் காட்டாது. காலி வீதி பஸ்ஸில் இருந்து போனில் பார்ப்பவர் ஒருமுறை காத்திருக்கலாம், பக்கத்துக்குப் பக்கம் காத்திருக்க மாட்டார். இரண்டாம் பக்கத்துக்கு அந்தக் கோப்பு கேஷிலிருந்து, அதாவது பிரவுசர் போனிலேயே சேமித்து வைக்கும் இடத்திலிருந்து, வர வேண்டும். பிரவுசர் அங்கே தேடுவது முழு முகவரியை வைத்துத்தான். உள்ளே இருப்பது அதே கோப்பாக இருந்தாலும், முகவரியில் ஓர் எழுத்து மாறினால் மறுபடி இறக்கும்.

1. முன்னால் சாய்கோடு போடுங்கள்

(பெயர்களை மாதிரிக்குத் தமிழில் எழுதுகிறேன்.) பக்கத்தில் ஸ்டைல்ஷீட் இருக்கும் இடத்தைச் சொல்லும் லிங்க் டேக்கில் பாணி/கடை.சிஎஸ்எஸ் என்று எழுதினால் முகப்பில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். /புடைவை/பட்டு/ பக்கத்துக்குப் போனால் பிரவுசர் /புடைவை/பட்டு/பாணி/கடை.சிஎஸ்எஸ் என்று தேடும். கிடைப்பது 404 (கோப்பு இல்லை என்ற பதில்), பக்கம் அலங்காரமே இல்லாமல் நிற்கும். உடனே பலர் செய்வது, அந்தக் கோப்பை ஒவ்வொரு ஃபோல்டரிலும் கொப்பி பண்ணி வைப்பது. பக்கம் அழகாகிவிடும், ஆனால் ஒவ்வொரு கொப்பியும் தனித்தனியாக இறங்கும். /பாணி/கடை.சிஎஸ்எஸ் என்று எழுதுங்கள், எந்தப் பக்கத்திலிருந்தும் அதே முகவரிதான்.

2. தளத்துக்கு ஒரே பெயர்

டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் பிரவுசருக்கு வேறு வேறு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை 301 (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்ற பதில்) மூலம் அதற்குத் திருப்பிவிடுங்கள்.

3. ஆயுளும் பதிப்பு எண்ணும்

சேர்வரில் கேஷ்-கன்ட்ரோல் ஹெடருக்கு (கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று சேர்வர் கூடவே அனுப்பும் குறிப்பு) மேக்ஸ்-ஏஜ்=31536000 கொடுங்கள். அது விநாடிக் கணக்கு, 365 நாள். சரி, தீபாவளிக்கு நிறத்தை மாற்றினால்? பழைய வாடிக்கையாளருக்குப் பழைய நிறமே தெரியும். அதனால் கோப்பின் பெயரை கடை-2.சிஎஸ்எஸ் என்று மாற்றி, லிங்க் டேக்கிலும் மாற்றுங்கள். எச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் இந்த நீண்ட ஆயுள் வேண்டாம், நோ-கேஷ் (சேமித்ததைக் காட்டுமுன் ஒவ்வொரு முறையும் சேர்வரிடம் கேள் என்பது) போதும். இல்லாவிட்டால் புதுப் பெயர் பழைய வாடிக்கையாளர் கண்ணில் படாது. முகவரியின் கடைசியில் அந்த நேரத்து மணியை ஒட்டிவிடும் குறுக்குவழியும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், ஒவ்வொரு முறையும் புது முகவரி என்றால் கேஷ் எதற்கு?

4. சோதித்துப் பாருங்கள்

குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். ‘டிசேபிள் கேஷ்’ பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் ரீலோட் பண்ணாமல், தளத்துக்குள் இருக்கும் ஒரு லிங்க்கை அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போங்கள். ஸ்டைல்ஷீட்டின் அளவுப் பகுதியில் டிஸ்க் கேஷ் அல்லது மெமரி கேஷ் என்று வந்தால் வேலை முடிந்தது. 304 (கோப்பு மாறவில்லை என்ற பதில்) வந்தால் கோப்பு இறங்கவில்லை, ஆனாலும் பிரவுசர் சேர்வரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறது. மேக்ஸ்-ஏஜ் வரியை மறுபடி பாருங்கள்.