மலையூருக்குச் சுற்றுலாத் திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையூர்களுக்கான வளர்ச்சி அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். முதலில் இயற்கை வளம், அடுத்து மனிதவளம், கடைசியில் சுற்றுலா, இடையிடையே அருவிப் படங்கள். மூன்றையும் தனித்தனிக் கோப்பாகப் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடியில் வல்வில் ஓரி விழா என்று ஆள் வரக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

அதனாலேயே முதலில் வந்து நிற்பது தலை எண்ணும் தவறு. போன வருடத்தைவிட இத்தனை பேர் கூடுதல் என்று எழுதிவிட்டு அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சேலத்திலிருந்து காலையில் கிளம்பும் குடும்பம் புளிசாதமும் தண்ணீர் பாட்டிலும் கீழிருந்தே கொண்டுவந்து, குளித்து, இருட்டுவதற்குள் இறங்கிவிட்டால் மலையில் மிஞ்சுவது பிளாஸ்டிக்தான். தங்குகிறவர்களால் மட்டும் என்ன பெரிய லாபம்? விடுதி முதலாளி சமவெளிக்காரர், அரிசியும் காயும் கறியும் லாரியில் ஏறி வருகின்றன என்றால், மலைக்காரருக்குக் கிடைப்பது பெருக்கிக் கழுவும் கூலி மட்டும். விருந்தினர் கொடுத்த நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் மலையில் தங்கியது என்ற கணக்கு இல்லாத அறிக்கையை நான் பாதிக்கு மேல் படிப்பதில்லை.

கேரளத்துக் குமரகத்தில் இந்தக் கணக்கைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள். 2008 வாக்கில் அங்கே பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது ஊராட்சி, குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள், விடுதிகள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து, எந்தக் காய் எவ்வளவு வேண்டும், என்ன விலை என்று பேசி முடிவு செய்தார்கள். 2013-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருதும் கிடைத்தது. நம் ஊர் மேடைகளில் அந்த விருதைச் சொல்வார்கள். விலை பேச ஒரு குழு வைத்தார்களே, அதைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது வேலையாள் கணக்கு. இங்கேதான் அதிகமாகச் சறுக்குகிறார்கள். 2017-18 முதல் மத்திய அரசு காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பை நடத்துகிறது. அதில் வார நிலைக் கணக்கின்படி, முந்தைய ஏழு நாளில் ஒரு மணி நேரம் கூலிக்குப் போயிருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். நாட்டு நிலவரம் அறிய அது சரி. ஆனால் கொல்லிமலை ஊராட்சிகளான வாழவந்தி நாட்டிலோ வளப்பூர் நாட்டிலோ விடுதிக்கு ஆள் கிடைப்பார்களா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிப்பு. அதோடு ஒட்டியே மிளகு. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில் ஏணி வைத்து ஏறிப் பறிக்கப் பழகிய கை வேண்டும், அந்தக் கைக்கு அப்போது நல்ல கூலி. அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் அதே மாதங்களில்தான் வருகின்றன. ‘மலையில் வேலைக்கு யாரும் வருவதில்லை’ என்று விடுதிக்காரர் அலுத்துக்கொள்வது இந்தச் சமயத்தில்தான். மாதவாரியாக, வீட்டுவாரியாக, ஆண் எங்கே பெண் எங்கே என்று கேட்டு எழுதினால் போதும், இது தெரிந்துவிடும். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் எந்த மாதம் திரும்புகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதைக் கேட்காமல் நூறு இளைஞர்களுக்கு ஹவுஸ்கீப்பிங் பயிற்சி கொடுத்தால், சான்றிதழோடு அவர்கள் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள்.

வளத்தைப் பற்றிய தவறு கொஞ்சம் நுட்பமானது. ‘பாரம்பரியச் சிறுதானிய உணவு’ என்று விளம்பரப் பலகை வைப்பது சுலபம். சாமை ஏன் குறைந்தது என்று கேட்டார்களா? சாமையின் உமி கடினம். உரலில் இடித்துப் புடைக்கும் பாடு முழுக்கப் பெண்களின் தோளில் விழுந்தது. மரவள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, பிடுங்கி ஏற்றினால் காசு. ரேஷனில் அரிசியும் கிடைக்கிறது. பிறகு யார் சாமையை இடிப்பார்கள்? சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோது விதையோடு நிற்காமல், ஊருக்குள் சிறிய அரவை இயந்திரங்களை வைத்து மகளிர் குழுக்களிடம் கொடுத்தது அதனால்தான். சாமைப் பொங்கலை விருந்தினர் இலையில் வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் இயந்திரம் ஓடுகிறதா, பழுதானால் யார் பார்ப்பது என்று விசாரிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் முடவாட்டுக்கால் கிழங்குக்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகை அது. பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால்போலவே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி, நசுக்கி, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பை அருவிக்கு இறங்கும் வழியில் குடிக்காதவர்கள் குறைவு. (ஆயிரத்துக்கு மேற்பட்ட படி ஏறி வந்தபின் எந்தச் சூப்பும் அமிர்தம்தான், அது வேறு கதை.) யூடியூப் புண்ணியத்தில் இப்போது நகரங்களிலும் கிராக்கி. காட்டில் கிடைப்பது இலவசம் என்று நினைத்துப் பாறையோடு வழித்தெடுத்தால் மறுபடி துளிர்க்க ஒன்றும் இருக்காது. எங்கே எவ்வளவு இருக்கிறது, ஒரு இடத்தில் எடுத்தால் எத்தனை வருடம் விடவேண்டும் என்பது பறிப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு எழுதுவதும் ஆராய்ச்சிதான்.

கூட்டத்துக்கு வரம்பு வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுவது இன்னொன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது, அதுவும் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். மலை எவ்வளவு தாங்கும் என்ற ஆய்வை ஐஐடி, ஐஐஎம்மிடம் ஒப்படைத்ததும் அந்த வழக்கில்தான். அதற்குள் ஊட்டிச் சாலை என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். கொல்லிமலை போன்ற இடங்களில் கோடைத் தண்ணீர், குப்பை, வண்டி நிறுத்தம் மூன்றையும் இப்போதே அளந்துவிடலாம்.

அப்புறம், எடுத்த கணக்கை ஊருக்குச் சொல்லாமல் மாவட்டத் தலைநகரில் கொடுத்துவிட்டுப் போவது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. நவம்பர் 1-ஆம் தேதி நடப்பது காப்பிப் பறிப்பு சூடு பிடிப்பதற்கு முன்னால் வருகிறது, ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அன்றைக்கு மாதவாரி அட்டவணையை வாசித்தால், எந்த மாதம் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.