வெந்நீர் வரவில்லையென்றால் பாய்லரைத் திட்டாதீர்கள்

வேலூரில் சமையலுக்கும் சலவைக்கும் பாய்லர் ஓடுகிற விடுதிகளிலும் லாட்ஜ்களிலும் குளிக்கிற வெந்நீரையும் அதே ஸ்டீமில் சூடாக்கிக்கொள்வது உண்டு. ஒரு டேங்க், அதற்குள் காயில் என்கிற செம்புக் குழாய்ச் சுருள், சுருளுக்குள்ளே ஸ்டீம், வெளியே தண்ணீர், அவ்வளவுதான் மெஷின். மார்கழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால் மேனேஜர் உடனே பாய்லர் ஆபரேட்டருக்குப் போன் போட்டு "பிரஷரை ஏத்துப்பா" என்பார். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டீம் சூட்டைக் கொடுப்பது அது தண்ணீராக மாறுகிற அந்த நேரத்தில்தான். பிரஷரை 3 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற்றினால் ஸ்டீமின் வெப்பம் 144 டிகிரியிலிருந்து 165 டிகிரிக்குப் போகும், ஆனால் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராக மாறும்போது விடுகிற சூடு உண்மையில் கொஞ்சம் குறையும், கூடவே காயிலின் மேல்பரப்பு இன்னும் கொதித்து உப்பு வேகமாகப் படியும். 1000 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர ஏறக்குறைய 70 கிலோ ஸ்டீம் வேண்டும். அதாவது காயிலுக்குள்ளே 70 லிட்டர் தண்ணீர் உருவாகும், அது முழுவதும் ட்ராப் (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற வால்வு) வழியாக வெளியேறியாக வேண்டும். வெளியேறவில்லை என்றால் காயில் பாதி நிரம்பிக் கிடக்கும், அந்தப் பாதியில் ஸ்டீமுக்கு இடமே இல்லை. பாய்லர் ரூமில் எவ்வளவு பிரஷர் ஏற்றினாலும் பாத்ரூமில் தண்ணீர் சுடாது.

அதனால் முதலில் ட்ராப்பைப் பாருங்கள், அதற்கும் முன்னால் ட்ராப்புக்கு முன்னே இருக்கிற ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். துரு, வெல்டிங் பிசிறு, பழைய கேஸ்கெட் துண்டு எல்லாம் அந்தச் சல்லடையில்தான் மாட்டும். லைனை மூடி, பிரஷர் இறங்கிய பிறகு கழற்றிக் கழுவினால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். ட்ராப் பக்கம் குழாய் சில்லென்று இருந்தால் அடைப்பு. திறந்தபடியே மாட்டிக்கொண்ட ட்ராப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், இரண்டு பக்கமும் சூடாகவே இருக்கும், கை வைத்துப் பார்ப்பதெல்லாம் உதவாது. ட்ராப்புக்கு அடுத்து டெஸ்ட் வால்வு இருந்தால் விலகி நின்று திறந்து பாருங்கள்: வாயிலேயே வெள்ளையாகச் சோம்பலாக விட்டு விட்டு வந்தால் அது வெந்நீரிலிருந்து கிளம்பும் ஆவி, கவலை வேண்டாம். வாயருகே ஒன்றுமே தெரியாமல் சீறிக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளிப் போய் வெள்ளையானால் அது நேரடி ஸ்டீம், உங்கள் விறகுக் காசு அந்த வழியாகப் போகிறது.

ட்ராப்பைச் சுற்றிக்கொண்டு போகிற பைபாஸ் வால்வை லேசாகத் திறந்து விட்டுவிடுவது இன்னொரு பழக்கம். சீக்கிரம் சூடாகிறதே என்று காலையில் திறப்பார்கள், மாதக் கணக்கில் மூட மாட்டார்கள். அந்த ஸ்டீம் எல்லாம் பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கிற ஃபீட் டேங்கில் போய்க் கொதிக்கும், அப்புறம் ஃபீட் பம்ப் தண்ணீர் எடுக்காமல் கத்தும், பம்ப்தான் ரிப்பேர் என்று அதையும் பிரித்துப் போடுவார்கள்.

காலையில் மெயின் வால்வை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த லைனில் தண்ணீர் நிற்கும், ஸ்டீம் அதைத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதும்போதுதான் அந்த டங் டங் சத்தம். வார்ப்பிரும்பு வால்வு அந்த அடியில் பிளந்துபோகும். முதலில் டிரெயினைத் திற, அப்புறம் மெயினைக் கால் சுற்று, லைன் சூடான பிறகு மீதி. மாற்று வால்வு வாங்கும்போதும் ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை மாட்டக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோவுக்கு மேல் பிரஷர் போகிற ஸ்டீம் லைன் 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகளுக்குள் வருகிறது, அந்த விதிகளின்படியான ஐபிஆர் சான்றிதழோடு கேளுங்கள். நல்ல ஃபிட்டர் வேண்டுமென்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் பாய்லர் பார்த்தவர்களை விசாரியுங்கள், இந்த வேலை அவர்களுக்குக் கைவந்தது.

இனி உப்பு. காவிரித் தண்ணீர் வந்தாலும் டேங்க்கை நிரப்புவது பல இடங்களில் போர் தண்ணீர்தான், அதன் கடினத்தன்மை வெந்நீர்த் தவலையின் அடியைப் பார்த்தாலே தெரியும். காயிலை வெளியே இழுத்துச் சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டாதீர்கள், செம்பு நசுங்கும், நசுங்கிய இடத்தில்தான் பின்னால் ஓட்டை விழும். ஆசிட்டில் கழுவுவதே முறை, ஆனால் டேங்க்கோ காயிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கடையில் விற்கிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டவே வேண்டாம், ஊசி ஊசியாகத் துளைத்துவிடும். சல்ஃபாமிக் ஆசிட் வாங்கி, கழுவிய பிறகு சலவைச் சோடா கரைசலால் நடுநிலையாக்கி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆசிட் பட்ட சுண்ணாம்பு உப்பிலிருந்து கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வரும், அது காற்றைவிடக் கனம், டேங்க்கின் அடியில் தங்கும். மேன்ஹோலில் தலையை விட்டுப் பார்ப்பதோ ஆளை உள்ளே இறக்குவதோ கூடாது. பக்கத்தில் ப்ளீச்சிங் பவுடர் இருந்தால் அப்புறப்படுத்துங்கள், ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் கிளம்பும்.

உப்புக்குப் பயந்து, அல்லது விறகை மிச்சம் பிடிக்க, டேங்க்கை 45 டிகிரியில் வைக்கிறவர்களும் உண்டு. 20 முதல் 45 டிகிரி வரை லீஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி நன்றாக வளரும், ஷவர் தெறிப்பில் மூச்சுக்குள் போகும். சிகிச்சைக்கு வந்து எதிர்ப்புச் சக்தி குறைந்து தங்கியிருப்பவர்கள் நிறைந்த ஊர் இது. டேங்க்கில் 60 இருக்கட்டும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும், அதனால் பாத்ரூமுக்கு முன்னால் பச்சைத் தண்ணீரைக் கலந்து விடுகிற மிக்ஸிங் வால்வு கட்டாயம்.

டேங்க்கின் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று பிளக் அடிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. 1000 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 14 லிட்டர் பெருகும், அது எங்காவது போயாக வேண்டும். மொட்டைமாடியில் வென்ட் பைப்பை யாராவது மூடிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் வால்வை மாற்றுங்கள்.

யாரும் பார்க்காத ஒன்று, காயிலில் ஓட்டை. ஸ்டீம் ஓடும்போது பாய்லர் கெமிக்கல் குளிக்கிற தண்ணீரில் கலக்கும், ஸ்டீமை நிறுத்தினால் சுருளுக்குள் வெற்றிடமாகி டேங்க் தண்ணீரை உள்ளே இழுத்து ஃபீட் டேங்குக்கு அனுப்பும், கடைசியில் பாய்லர் டியூபிலும் உப்பு. கடினத்தன்மையை நீக்குகிற சாஃப்ட்னரின் தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும் அதே சொட்டு மருந்தை ட்ராப்பிலிருந்து வரும் தண்ணீரில் வாரம் ஒருமுறை விட்டுப் பாருங்கள். ஸ்டீம் குளிர்ந்த தண்ணீரில் கடினத்தன்மை பூஜ்யமாக இருக்க வேண்டும். கொஞ்சம் காட்டினாலும் காயிலை வெளியே எடுத்து ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிப் பிரஷர் ஏற்றிப் பார்ப்பது) போடுங்கள், அதுவரை அந்த வெந்நீரைச் சமையலறைக்கு விடாதீர்கள்.