இடிக்குப் பயப்படும் நாயைத் தொடும் விதம்

சிங்கப்பூர் ஈசூனில் வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு), ஐந்தாவது மாடி. எங்கள் நாய் முத்து, வீவக வீடுகளில் கலப்பின நாய் வளர்க்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தின்கீழ் வந்த சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பினம். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து இடிமழை கிளம்பினால் எங்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொள்வான். முதல் தடவை பிள்ளையைத் தூக்குவது போல வாரி அணைத்துக்கொண்டேன். கையில் பல் பட்டது. தப்பு என்னுடையதுதான், ஓட வழி தேடுபவனை இறுக்கிப் பிடித்தால் வேறென்ன செய்வான்?

அதனால் மழையில்லாத நாளில் பழக்குங்கள். நேருக்கு நேர் குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, புறங்கையால் தோளை மூன்று வினாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சாய்ந்து வந்தால் தொடரலாம். உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, கண் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'போதும்' என்ற பேச்சு. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் டி-டச். லிண்டா டெலிங்டன் ஜோன்ஸ் என்ற பயிற்சியாளர் குதிரைகளோடு வேலை செய்து உருவாக்கிய முறை இது. தோள்மேல் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனிகளை ஆறு மணியில் வைத்து, வலச்சுற்றாக ஒரு முழு வட்டம் போய், மறுபடி ஆறைத் தாண்டி ஒன்பதில் நிறுத்த வேண்டும். விரல் ரோமத்தின்மேல் வழுக்கக்கூடாது, அடியிலுள்ள தோல் நகர வேண்டும். மூடிய கண் இமையில் எவ்வளவு அழுத்துவீர்களோ, அவ்வளவே அழுத்தம். பிறகு கையை எடுத்து வேறு இடத்தில் ஒரு வட்டம்.

முத்துவுக்குப் பிடித்தது காதுதான். அடிக்காதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நுனிவரை மெதுவாக உருவிவிடுவேன். நாலைந்து தடவை உருவியதும் மூச்சு நீளமாகும், தலை கனத்து என் முழங்காலில் விழும். ஒன்று, தைலம் தேய்த்த கையோடு தொடாதீர்கள். நக்கிவிடும், பல தைலங்களில் இருக்கும் கற்பூரம் நாய்க்கு விஷம்.

சுளுக்குக்குக் கட்டும் எலாஸ்டிக் பேண்டேஜும் சில நாய்களுக்கு உதவும். நடுப்பகுதியை நெஞ்சில் வைத்து, இரு முனைகளையும் தோள்மேல் குறுக்காகப் போட்டு, வயிற்றடியில் சுற்றி, முதுகெலும்புமேல் வராமல் பக்கவாட்டில் முடியுங்கள். இரண்டு விரல் உள்ளே போகிற தளர்வு வேண்டும். நம்மூர் புழுக்கத்தில் மின்விசிறியடியில் கால் மணி நேரம் போதும். கட்டிவிட்டு வெளியே போகவே கூடாது. முத்து அதைக் கட்டினாலே சிலைபோல நின்றுவிடுவான். அது அமைதியில்லை, திகைப்பு. கழற்றிவிட்டேன்.

வழக்கமாகத் தொடவிடும் நாய் திடீரென இடுப்பைத் தொட்டால் துள்ளினால், அங்கே வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நடுங்கி, எச்சில் வடித்து, கதவைப் பிறாண்டுகிற பயத்துக்கும் கை மட்டும் போதாது, மருந்து தேவைப்படலாம்.

தேசிய தின ஒத்திகை விமானங்களுக்காவது முன்கூட்டியே அறிவிப்பு உண்டு. ஒத்திகை நடக்கும் சனிக்கிழமை அரை மணி முன்பே ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து காதை உருவ ஆரம்பித்துவிடுவேன்.